லாபம், ரெண்டு, மூணு

யாராவது என் தலையில் கை வைத்தால் நான் இன்றும் அப்படியே அசையாமல் இருந்துவிடுவேன். சலூன்காரர் வைத்தாலும் சரி, பெருமாள் கோயிலில் சடாரி வைத்தாலும் சரி, கண்ணை மூடிக்கொண்டு அடுத்து ஓர் எண் வரும் என்று காத்திருப்பேன். எனக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர் டெல்லி மோதி பாக்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் அம்மாள். டூர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஆறு வருடம் அவரோடு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பாசம் பிறகுதான் வருகிறது. பயம் முதலில் வந்து நிற்கிறது.

ஓர் அமைச்சகத்தில் கிளார்க் வேலை அவருக்கு. பள்ளிக்கூட லீவு விட்டால், டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் இருபது இருபத்தைந்து பேரைத் திரட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிவிடுவார். எங்களில் பாதிப் பேர் டெல்லியிலேயே பிறந்தவர்கள். சொந்த ஊர் என்று ஆபீஸ் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும், அவ்வளவுதான். லீவில் போனால் சென்னையில் அத்தை வீடு, ஒரு கல்யாணம், முடிந்தால் திருப்பதி, உடனே திரும்பி வந்துவிடுவோம். அக்காவுக்கு இது பொறுக்காது.

"கோயில் காட்டதுக்கு வேற ஆளு இருக்கு. நான் ஊரைக் காட்டுதேன்" என்பார்.

சொன்னபடி காட்டுவார். கும்பகோணத்தில் பாத்திரக் கடைத் தெருவில் ஒரு முழுக் காலை நிற்க வைத்தார். தென்காசியில் சாரலில் நனைந்துகொண்டே வாழைத்தார் ஏலம் பார்த்தோம். தரங்கம்பாடியில் மீன் இறங்குகிற நேரத்துக்கு எங்களை எழுப்பி இழுத்துக்கொண்டு போனார். ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள அதன் சந்தைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போனால் போதும் என்பது அவர் கொள்கை. எனக்கென்னவோ அந்த இடங்களில்தான் ஆள் தொலைவதற்கு வாய்ப்பு அதிகம் என்று தோன்றும். நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. ஆனால் அக்காவின் பயத்துக்கு முன்னால் என் பயமெல்லாம் கால் தூசு.

அவர் எண்ணுவார். வண்டி நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் எண்ணுவார். டீ குடிக்க ஐந்து நிமிடம் இறங்கினாலும் எண்ணுவார். பஸ் படியேறி நின்று, முதலில் வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து "லாபம்" என்பார். பிறகு ஒவ்வொரு தலையாகத் தொட்டு ரெண்டு, மூணு, நாலு என்று கடைசி சீட் வரை போவார். ஒண்ணு என்ற சொல் அவர் வாயில் வராது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்லுவார்கள் என்று எங்களுக்கு விளக்கினார். அவர் அப்பா தாமிரபரணிக் கரையில் நெல் அளந்தவர்.

"ஒண்ணுன்னு தொடங்கினா ஒத்தையா நிக்க வேண்டியதுதான்" என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

ஒரு ஜனவரியில் காலை ரயிலுக்காக நிஜாமுதீன் ஸ்டேஷனில் கூடினோம். பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியாத பனிமூட்டம். அக்கா பையிலிருந்து ஒரு பழைய நூல் புடவையை எடுத்து நீளமாகப் பிரித்தார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும் என்றார். டை கட்டி ஆபீஸ் போகிறவர்கள், நர்சரிப் பிள்ளைகள், எல்லோரும் பிடித்தோம். ஒரு போர்ட்டர் நின்று பார்த்துவிட்டு, "யே கைசி பாராத் ஹை பையா, தூல்ஹா கஹாங் ஹை?" என்று கேட்டான். என்ன கல்யாண ஊர்வலம் இது, மாப்பிள்ளை எங்கே என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். புடவை முனையைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பனிமூட்டத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற அரசாங்க டைரக்டர் ஒருவர் உண்டு. லக்ஷ்மிபாய் நகரில் மகனோடு இருந்தார். முதல் பயணத்தில் அக்கா அவர் தலையைத் தொட்டதும் விருட்டென்று விலகினார்.

"தலைல எல்லாம் கை வெக்காதீங்கம்மா. நான் என்ன குழந்தையா? பார்த்து எண்ணிக்கோங்க."

"பாத்து எண்ணினா தப்பிரும் சார்."

"எனக்கு அதெல்லாம் பிடிக்காது."

சரி என்று அவர் தோளைத் தொட்டு எண்ணிவிட்டுப் போனார் அக்கா. மறுநாள் காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போனோம். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று ஆளை விழுங்குகிற வீடுகள். தெருக்களும் ஒன்றைப்போலவே ஒன்று. வெளியே வந்து எண்ணியபோது டைரக்டர் இல்லை. அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. செருப்புக்கூடப் போடாமல் வெயிலில் ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்து நான்காவது தெருவில், பூட்டிய ஒரு பின்வாசல் படியில் டைரக்டர் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார். ஒரு மந்திரியின் எதிரில்கூட அசராத மனிதர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அன்று அக்கா திறந்து கொடுத்த தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பஸ்ஸில் ஏறியதும் தானாகவே தலையைக் குனிந்து காட்டினார். அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை.

டூர் திட்டம் போடுவதற்காக மோதி பாக் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அவர் மட்டும்தான் அங்கே இருந்தார். வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். ஒருநாள் ஆபீஸ் முடிந்து, முன்கூட்டிச் சொல்லாமல் அங்கே போய்விட்டேன். மேசைமேல் இரண்டு டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

"யாராவது வர்றாங்களாக்கா? நான் அப்புறம் வரட்டுமா?"

"யாரு வரப்போறா. ஒத்தை டம்ளர் வைக்க மாட்டேன் தம்பி. நீ வந்தது நல்லதாப் போச்சு, குடி."

குடித்தேன். சுற்றிலும் பார்த்தேன். இரண்டு தட்டு, இரண்டு தலையணை, வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. மீதி டீயை அப்படியே வைத்துவிட்டேன். ஏதோ ஒரு சாக்குச் சொல்லிவிட்டு சீக்கிரமே வெளியே வந்துவிட்டேன்.

காரணம் ஒருமுறை ரயிலில் தெரிந்தது. நாக்பூர் தாண்டியிருந்தோம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் அக்காவின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எதற்காக இப்படித் தொட்டுத் தொட்டு எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும். எல்லாருமா திருச்செந்தூருக்குப் போனோம், பதினோரு பேரு. ஸ்ரீவைகுண்டத்துல பஸ் மாத்தணும். எங்கப்பாதான் எண்ணினாவ. லாபத்துல தொடங்கிப் பதினொண்ணு வந்திச்சு. பஸ்ஸு கெளம்பிட்டு. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்."

"அப்ப பதினொண்ணு எப்படிக்கா வந்துச்சு?"

"பக்கத்து வீட்டுப் பயல் ஒருத்தன் சொல்லாம ஏறிட்டான். கணக்கு சரியா இருந்திச்சு தம்பி, நான்தான் இல்ல. திருச்செந்தூர் போயி எறங்கினப் பொறவுதான் தெரிஞ்சுது அவியளுக்கு. திரும்பி வரும்போது இருட்டிட்டு."

அந்த நேரமெல்லாம் என்ன செய்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் குனிந்து என் மகளின் தலையில் கை வைத்தார்.

"எண்ணிக்கை சரியா இருந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம் இல்ல. அதான் தொடுதேன்" என்று அவரே முடித்தார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் விஷயம்.

அது ஒரு ஜூன் மாதம். திருச்செந்தூரிலிருந்து உள்ளே தள்ளிச் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டைப் பார்க்கப் போனோம். அக்காவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. பஸ்ஸுக்குள் நடந்து எண்ண முடியவில்லை. காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நீ எண்ணு தம்பி. நல்லாத் தொட்டு எண்ணு" என்றார். டிரைவருக்கு நேர்பின்னால் இருந்த முதல் சீட் அவருடையது. அவரைத் தொட்டு லாபம் என்று ஆரம்பித்து, கடைசியில் என் நெஞ்சில் கை வைத்து இருபத்திமூணு என்று முடிக்க வேண்டும்.

முதல் இரண்டு நிறுத்தங்களில் அப்படித்தான் செய்தேன். பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. அடுத்தவர் மனைவி, கல்லூரி போகிற பெண், இவர்கள் தலையையெல்லாம் நான் எப்படித் தொடுவது? அக்கா தொட்டால் அது வேறு. நான் விரலை நீட்டி, கண்ணால் எண்ண ஆரம்பித்தேன். அக்கா அசந்து கண்ணை மூடியிருந்ததால் கவனிக்கவில்லை.

தேரிக்காட்டைப் போட்டோவில் பார்த்தால் அழகாக இருக்கும். நேரில் எனக்குப் பஸ்ஸை விட்டு இறங்கவே மனம் வரவில்லை. ரத்தம் ஊறிக் காய்ந்ததுபோல மண். கண்ணுக்கு எட்டியவரை மேடு, மேட்டுக்கு அப்பால் மேடு. பனைமரங்கள் கழுத்துவரை புதைந்து நிற்கின்றன. காற்று நிற்காமல் வீசியது. என் மகள் ஓடிய கால்தடம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. அன்றைக்குத்தான் எங்களோடு சேர்ந்த உள்ளூர் டிரைவர், "காத்துக் காலத்துல மேடே எடம் மாறிரும் சார். பொழுது சாயதுக்குள்ள கெளம்பிருவோம். பழகின ஆளுக்கே தெசை தெரியாது" என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு ஐந்தரை மணிக்கே இருண்டுவிட்டது. எல்லோரையும் அவசரப்படுத்தி ஏற்றினேன்.

ஏறி நின்று எண்ணினேன். முதல் சீட்டைப் பார்த்தேன். அக்காவின் பை இருந்தது, அதன்மேல் அவருடைய சால்வை இருந்தது. வாய் லாபம் என்றது. லாபம் எங்கே போய்விடப் போகிறார்? எங்களைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்கிறவர் தொலைவார் என்று யார்தான் நினைப்பார்கள்? ரெண்டு, மூணு என்று விரலை நீட்டிக்கொண்டே போய் இருபத்திமூணு என்று என் நெஞ்சில் தட்டினேன்.

"சரியா இருக்கு. போலாம்ணா."

இருபது நிமிடம் போயிருக்கும். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மகள் ஒரு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காலில் செருப்பு இல்லை.

"அப்பா, ஆன்ட்டிக்கு என் சப்பல் மில் கயா க்யா?"

"எந்தச் செருப்பு? கிடைச்சுதான்னா?"

"மண்ணுல போச்சுன்னு சொன்னேன் நா. ஆன்ட்டி எடுத்துட்டு வரேன்னு போனாங்க."

நான் எழுந்து முன் சீட்டுக்குப் போனதாக நினைவு. பையும் சால்வையும் அப்படியே இருந்தன. போனை எடுத்து அவர் நம்பரை அழைத்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில், அந்தப் பைக்குள்ளிருந்து மணி அடித்தது. என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

வண்டி திரும்பியது. யாரும் யாரையும் திட்டவில்லை. டிரைவர் மட்டும், "அம்மா பின்னால இருக்காகன்னு நெனச்சேன் சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி மகளை இறுக்கிப் பிடித்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் வேறோர் எண்ணமும் ஓடியது. இந்த அம்மாள் சொந்த மண்ணிலேயே இரண்டாவது முறை விடப்பட்டிருக்கிறார். இந்த முறையும் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பழைய இடத்தில் சாலையோரம் ஒருவரும் இல்லை. வெளிச்சம் இறங்கிவிட்டது. டிரைவரும் டைரக்டரும் நானும் மேட்டில் ஏறினோம். அக்கா என்று கத்தினேன். காற்று அந்தச் சத்தத்தைப் பிடித்து என் வாய்க்குள்ளேயே திணித்தது. தரையில் ஒரு தடமும் இல்லை, எங்கள் இருபத்திமூன்று பேரின் தடமும் இல்லை. டைரக்டருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிற்காமல் ஏறினார். இரண்டாவது மேட்டைத் தாண்டியதும், பாதி புதைந்த ஒரு பனையின் கீழே யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகளின் ரோஸ் நிறச் செருப்பு இருந்தது. நான் முன்னால் போய் மண்டியிட்டேன். என்னை அடையாளம் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மேட்டுல நின்னு பஸ்ஸு போறதைப் பாத்தேன் தம்பி. கத்தினேன். எதிர்க்காத்து."

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. நான் தொட்டு எண்ணலை."

அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"சும்மா இருந்தா பயமா இருக்கேன்னு, என்னைய நானே தொட்டு எண்ணிப் பாத்தேன். லாபம்னுதான் சொல்ல வந்தேன். வாய் ஒண்ணுன்னு சொல்லிட்டு."

டைரக்டர் அவர் ஒரு கையைப் பிடித்தார், நான் மறு கையைப் பிடித்தேன். இறக்கிக் கொண்டுவந்து முதல் சீட்டில் உட்கார வைத்தோம். அவர் எண்ணவில்லை. நான்தான் எண்ணினேன். அவர் தலையில் கை வைத்து லாபம் என்றேன். முடி முழுக்க மண், தொட்ட இடம் சுட்டது. டைரக்டர் தலையைக் குனிந்தார், ரெண்டு. அன்றைக்கு ஒரு தலையையும் விடவில்லை. எனக்குக் கூச்சம் வரவில்லை, யாரும் விலகவும் இல்லை.

டெல்லிக்கு இரண்டு நாள் ரயில். அக்கா எல்லோரிடமும் பழையபடிதான் பேசினார். மகளின் அந்த ஒற்றைச் செருப்பை அதன் ஜோடியோடு சேர்த்து ஒரு நூலால் கட்டிக் கொடுத்தார். அவர் எங்களை எண்ணவே இல்லை என்பதை மட்டும் எல்லோரும் கவனித்தோம்.

நிஜாமுதீனில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஒவ்வொரு குடும்பமாக அவரிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். டைரக்டரை அழைத்துப்போக மகன் வந்திருந்தான். அக்கா ஸ்டேஷன் வாசலில் பையைக் காலடியில் வைத்து நின்று, போகிற எல்லோருக்கும் கையசைத்தார். ஆறு வருடமும் இப்படித்தான் நின்றிருப்பார். மற்ற எல்லோரும் கிளம்பிப் போகிறவரை நின்றுவிட்டு, பிறகு எப்படியோ மோதி பாக் போவார். எப்படிப் போவார் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

கடைசியாக நாங்கள் கிளம்பினோம். "வர்றேங்க்கா" என்றேன். அவர் என் மகளின் தலையைத் தொட்டார். உதடு அசையும் என்று பார்த்தேன், அசையவில்லை. டாக்சியில் ஏறியதும் நான் பெட்டிகளை எண்ணினேன், மனைவியைத் தொட்டேன், மகளைத் தொட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

வண்டி நகர்ந்ததும் மகள் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"அப்பா, ஆன்ட்டி அங்க ஒண்ணா நிக்கறாங்க."

தனியாக என்று சொல்ல அவளுக்குத் தமிழ் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் ஆபீஸ் இருந்தது, ரிங் ரோட்டில் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் துவாரகாவில் எங்கள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். "ஜல்தி சலோ பையா" என்று டிரைவரிடம் சொன்னேன்.

நிஜாமுதீனிலிருந்து துவாரகா போகும் வழியில்தான் மோதி பாக் இருக்கிறது. வண்டியில் முன் சீட் காலியாக இருந்தது.